படிக்க ஒருவர், சொல்ல ஒருவர்

பழைய யூத ஜெப ஆலயங்களில் ஒருவர் வேதத்தை எபிரெயத்தில் வாசிப்பார். கேட்கும் ஜனங்கள் பேசியதோ அரமேயம். அதனால் இன்னொருவர் பக்கத்தில் நின்று, வசனத்துக்கு வசனம் அரமேயத்தில் சொல்வார். ஏட்டைப் பார்க்கக் கூடாது, வாய்மொழிதான்! இதற்குத் 'தர்கூம்' என்று பெயர். பிற்பாடு ஏட்டிலும் ஏறியது.

கேட்பவருக்குப் புரிய வேண்டுமே என்ற அதே கவலை தாமிரபரணிக் கரையில் ஒருவருக்கு இருந்தது. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானியர் ரேனியஸ், திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் படித்தவர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தமிழ் முறுக்கிக்கொள்ளும் என்று, புதிய ஏற்பாட்டைச் சரளமான நடையில் மொழிபெயர்த்தார். 1838இல் பாளையங்கோட்டையிலேயே காலமானார்.

இன்னொன்று, நேயர்களே. தமிழ்ப் புதிய ஏற்பாட்டில் இயேசு ஜெபிக்கையில் 'அப்பா' என்று அழைக்கிறார் அல்லவா? அது அரமேயச் சொல்.