காரின் கண்ணில் புரை!

"திருவாரூர் தேரழகு, வேதாரண்யம் விளக்கழகு" என்பது தஞ்சைச் சீமைப் பேச்சு. அந்த வேதாரண்யத்திலிருந்து தெற்கே சுமார் 10 கிலோ மீட்டர் போனால் கோடியக்கரை. கோயில் விளக்குக்குப் பெயர் போன அந்தப் பக்கத்தில், காரின் விளக்கு மட்டும் சீக்கிரமே அழகு கெட்டுவிடுகிறது!

ஒரு புறம் கடல். மறு புறம் காடு. வழியில் உப்பளம். காற்றிலே உப்பு, வெயிலுக்கோ குறைவே இல்லை. வாங்கியபோது பளிங்கு போல இருந்த முன்விளக்கு, சில வருஷங்களில் மஞ்சள் பூத்துப் போகிறது. கண்ணில் புரை விழுந்த மாதிரி ஆகிவிடுகிறது.

அழகு போனால் போகட்டும் என்று இருந்துவிட முடியாது. கோடியக்கரைக் காடு 1967-ல் சரணாலயம் ஆக்கப்பட்டது. வெளிமான், புள்ளிமான், காட்டுப் பன்றி, நரி, மட்டக்குதிரை எல்லாம் அங்கே உண்டு. இருட்டில் எது எப்போது சாலையின் குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது. விளக்கில்லாத சைக்கிளில் வருகிற மனிதரும் உண்டு. அரைக் கண் தெரியும் காரை அங்கே ஓட்டுவது ஆபத்து.

அதனால்தான் பலர் விளக்கை வீட்டிலேயே திறந்து, சுத்தம் செய்து, உள்ளே புதுவர்ணம் பூசப் பார்க்கிறார்கள். செய்யலாம். ஆனால் முறை தெரிந்து செய்ய வேண்டும்.

கண்ணாடி அல்ல, பிளாஸ்டிக்!

அம்பாசடர் காரை நினைவிருக்கிறதா? அதன் உற்பத்தி 2014-ல் நின்றது. அதன் பழைய வண்டிகளில் இருந்தது வட்டமான கண்ணாடி விளக்கு. கண்ணாடி மஞ்சள் பூப்பதில்லை. உள்ளே துருப் பிடித்தால், வளையத்தைக் கழற்றி விளக்கையே மாற்றிவிடுவார்கள்.

இன்றைய கார்களின் முன்விளக்கில் இருப்பது கண்ணாடி போலத் தோன்றும் பிளாஸ்டிக். அதற்குப் பாலிகார்பனேட் என்று பெயர். எடை குறைவு, சிறு கல் பட்டாலும் உடையாது. ஆனால் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அதற்குப் பகை. மேலே பூசியிருக்கும் காப்புப் பூச்சு தேய்ந்ததும் மஞ்சள் தட்டுகிறது. மணல் காற்று அதில் கீறல் போடுகிறது. உப்புக் காற்றோ, ஸ்குருவைத் துருப்பிடிக்க வைக்கிறது. பல்பு மாட்டும் இடத்தில் களிம்பு ஏற்றுகிறது.

முதலில் ஒரு சோதனை

விளக்கைத் திறக்கும் முன், அதன் மேல் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது தெளிவாகத் தெரிந்தால், கோளாறு வெளிப்புறத்தில்தான் இருக்கிறது. அந்த விளக்கைத் திறக்க வேண்டியதே இல்லை!

உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, முதலில் 800 எண், பிறகு 1500, கடைசியில் 2000 என்று படிப்படியாக மெல்லத் தேய்த்து, பாலிஷ் போட்டால் போதும். அதன்மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிவான பூச்சு அவசியம். அதை விட்டுவிட்டால் மஞ்சள் விரைவில் திரும்பி வரும்.

உள்ளே தூசி படிந்திருந்தாலோ, தண்ணீர் தேங்கி நின்றாலோ, உட்சட்டம் வெளுத்துப் போயிருந்தாலோதான் திறக்கும் யோசனை வேண்டும்.

வீட்டிலேயே ஆபரேஷன்

முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும். பிறகு விளக்கைக் கழற்றி, பல்புகளை வெளியே எடுக்க வேண்டும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் அதிகமாகச் சூடேறி, பல்பின் ஆயுள் குறையும்.

பல விளக்குகளில் முன்புறத்தையும் பின்கூட்டையும் ஒட்டியிருப்பது பியூட்டைல் என்னும் ரப்பர் பசை. சுமார் 100 டிகிரி சென்டிகிரேடு சூட்டில் அது இளகும். சூடான காற்று வீசும் கருவியை ஒரே இடத்தில் காட்டாமல், சுற்றிச் சுற்றிக் காட்டி, சிறிது சிறிதாகப் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டு நெம்பினால் கூடு வெடிக்கும். சில விளக்குகளில் இருப்பது இளகாத பசை. சூட்டுக்கு அசையாவிட்டால், அதோடு விட்டுவிடுவதே புத்தி.

இந்த வேலைக்குச் சமையல் அடுப்பு வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், குழந்தைகளை எட்ட நிறுத்திச் செய்ய வேண்டும்.

எதற்கு வர்ணம்? எதற்குக் கூடாது?

விளக்கின் உள்ளே இரண்டு பொருள்கள் கண்ணில் படும். ஒன்று, அழகுக்காகச் சுற்றி வைத்திருக்கும் சட்டம். மற்றொன்று, கண்ணாடி போல மின்னும் ரிப்ளெக்டர்.

சட்டத்துக்கு வர்ணம் பூசலாம். மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, பிளாஸ்டிக்குக்கு உரிய பிரைமர் கொடுத்து, சூடு தாங்கும் மங்கல் கறுப்பு வர்ணத்தை லேசாகப் பூச வேண்டும். அது நன்றாகக் காய வேண்டும். ஈரத்தோடு மூடினால், வர்ணத்தின் ஆவி உள்ளே படிந்து புதிய புரை உண்டாகும்!

ரிப்ளெக்டரையோ தொடவே கூடாது. அதன் மினுமினுப்பு, ஒரு மில்லி மீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத அலுமினியப் பூச்சு. துணியால் அழுத்தித் துடைத்தாலே போய்விடும். வெள்ளி வர்ணம் பூசினால் பழையபடி ஆகிவிடும் என்று நினைப்பது தவறு. வெள்ளி வர்ணம் மின்னும். ஆனால் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகாது. ஒளி நேரே போகாமல் சிதறிவிடும். ரிப்ளெக்டர் கெட்டிருந்தால் விளக்கை மாற்றுவதே வழி.

திறந்த கதவும் மூடிய கதவும்

வேதாரண்யம் கோயிலின் அடைத்த கதவை அப்பர் பெருமான் பாடிப் பாடித் திறந்தார். ஞானசம்பந்தர் ஒரே பாட்டில் மூடினார் என்பது புராண வரலாறு. கார் விளக்கின் கதையோ நேர்மாறு. திறப்பது சுலபம், மூடுவதுதான் கஷ்டம்.

பழைய பசையைச் சுரண்டி எடுத்து, புதிய பியூட்டைல் பசையை இடைவெளி விடாமல் சுற்றிலும் வைத்து, மறுபடி சூடாக்கி அழுத்த வேண்டும். ஊசி முனை இடம் விட்டாலும் உப்பு ஈரம் புகுந்துவிடும். ஆனால் விளக்கின் பின்னால் உள்ள சிறு காற்றுத் துவாரங்களை அடைக்கக்கூடாது. விளக்கு மூச்சு விடுவது அவற்றின் வழியாகத்தான்.

சுவரில் ஒரு கோடு

விளக்கைக் கழற்றும் முன்பே, காரைச் சமதரையில், சுவருக்கு 25 அடி தள்ளி நிறுத்தி, 'டிம்' வெளிச்சம் விழும் மேல் எல்லையைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ள வேண்டும். மாட்டிய பிறகு வெளிச்சம் அதே கோட்டில் விழ வேண்டும். சற்றே மேலே போனாலும், எதிரே வருகிறவர் கண் இருண்டுவிடும்.

சட்டமும் இதைச் சொல்கிறது. விளக்குக்கு 8 மீட்டர் எதிரே, 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசச் செய்யக்கூடாது என்பது 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் உள்ள அளவு. முன்புறம் சிவப்பு வெளிச்சம் காட்டவும் கூடாது. ஆகவே விளக்கின் முகத்தில் வர்ணம் பூசுவதும், ஹாலஜன் கூட்டில் கண்ணைப் பறிக்கும் வேறு பல்பு மாட்டுவதும் வேண்டாத வேலை.

பணம் மிச்சமாவது நல்லதுதான். ஆனால் முன்விளக்கு, ஓட்டுகிறவருக்கு மட்டும் சொந்தமல்ல. எதிரே குழந்தையை முன்னால் உட்கார வைத்து சைக்கிள் மிதித்து வருகிறவருக்கும் அதில் பங்கு உண்டு. வெளிச்சத்தில் திகைத்து நடுச்சாலையில் நின்றுவிடும் மானுக்கும் பங்கு உண்டு.

வேதாரண்யம் கோயிலில் நெய்யைத் தின்ன வந்த ஓர் எலி, தற்செயலாக விளக்குத் திரியைத் தூண்டிவிட்டது. அந்தப் புண்ணியத்தில் மறுபிறப்பில் மகாபலிச் சக்கரவர்த்தி ஆனது என்பார்கள். தெரியாமல் தூண்டிய எலிக்கே அந்தப் பேறு என்றால், தெரிந்தே விளக்கைச் சீராக வைத்து, எதிரே ஆள் வந்ததும் 'டிம்' செய்கிறவருக்குப் புண்ணியம் குறைவாகவா இருக்கும்?