விடுதலைக் கணக்கு – 9: ஒருவருக்கு ஐம்பத்தொரு பேர்

சென்ற வாரம் ருபையா சயீத். 1989 டிசம்பரில் மத்திய உள்துறை அமைச்சரின் மகளை மீட்க ஐந்து பேரைச் சிறையிலிருந்து விட்ட கதை. தொடர்ந்து படிப்பவர்களுக்கு இந்த அளவு போதும். இந்த வாரம் மாவோயிஸ்டுகள் கடத்திய சுக்மா கலெக்டர் அலெக்ஸ் பால் மேனன் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆனால் அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு முன்பு, தமிழ்நாட்டு எல்லைக்குள்ளேயே பிடிபட்டு 108 நாள் பணயமாக இருந்த ஒருவரின் வழக்கைப் பிரித்ததும், அதுவே பக்கம் முழுவதையும் கேட்கிறது.

2000 ஜூலை 30, ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை இருட்டு. தாளவாடி மலைப்பகுதியில் இருக்கும் தொட்டகாஜனூர், கன்னட நடிகர் ராஜ்குமாரின் சொந்த ஊர். அப்போது அவருக்கு 71 வயது. சாப்பாடு முடிந்து குடும்பத்தோடு உட்கார்ந்திருந்த நேரத்தில் துப்பாக்கிகளோடு சந்தனக் கடத்தல்காரர் வீரப்பனின் ஆட்கள் வீட்டுக்குள் வந்தார்கள். ராஜ்குமாரையும், மருமகன் கோவிந்தராஜ் உட்பட மேலும் மூவரையும் காட்டுக்கு நடத்திக்கொண்டு போனார்கள். போகும் முன் அவருடைய மனைவி பர்வதம்மா கையில் ஒரு ஆடியோ கேசட்டைக் கொடுத்தார்கள். கர்நாடக முதல்வரிடம் சேர்க்க வேண்டும் என்பது கட்டளை. கணவரைப் பறிகொடுத்த பெண், இரவோடு இரவாக அந்தக் கேசட்டைச் சுமந்துகொண்டு பெங்களூருக்குப் பயணப்பட்டார்.

மறுநாளே பெங்களூரு அடங்கிப்போனது. கடைகள் அடைப்பு, பள்ளிகள் மூடல். பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே ஓடும் நெடுஞ்சாலையில் கர்நாடகத்துக்குப் போக வேண்டிய பஸ்கள் ஓசூரோடு நின்றன. 1991 காவிரிக் கலவரத்தை நேரில் பார்த்திருந்த பெங்களூருத் தமிழர்கள் வீட்டை விட்டு வெளியே வரப் பயந்தார்கள். கர்நாடக முதல்வர் எஸ்.எம். கிருஷ்ணா சென்னைக்குப் பறந்து வந்து தமிழக முதல்வர் கலைஞரைச் சந்தித்தார். ‘நக்கீரன்’ இதழாசிரியர் கோபால் தூதராகக் காட்டுக்குள் போனார்.

காட்டிலிருந்து வந்த கோரிக்கைப் பட்டியலில் கைதிகள் மட்டும் இல்லை. காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை நிறைவேற்ற வேண்டும், 1991 கலவரத்தில் பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு இழப்பீடு வேண்டும், வனத்துறை, போலீஸ் கொடுமைக்கு ஆளான வாச்சாத்தி மக்களுக்கு நியாயம் வேண்டும், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்குக் கூலி உயர வேண்டும் என்று நீண்டது. இவற்றோடு இன்னொன்று: பெங்களூரில் மூடிக் கிடக்கும் திருவள்ளுவர் சிலையைத் திறக்க வேண்டும்.

இந்தச் சிலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அல்சூர் ஏரிக்கரையில் 1991-ல் நிறுவப்பட்ட சிலை அது. எதிர்ப்பு கிளம்பியதும் திறப்பு விழா நின்றது. வள்ளுவர் துணிக்கும் சாக்குக்கும் அடியில் போனார். ஒரு வருடம், இரண்டு வருடம் இல்லை, பதினெட்டு வருடம். கன்னட நாட்டின் மிகப் பெரிய நடிகரைப் பணயமாக வைத்துக்கொண்டு கேட்டும் அந்தத் துணி அகலவில்லை. ராஜ்குமார் வீடு திரும்பிய பிறகும் அகலவில்லை. கடைசியில் 2009 ஆகஸ்ட் 9-ம் தேதி கலைஞரும் எடியூரப்பாவும் ஒரே மேடையில் நின்று திறந்து வைத்தார்கள். நான்கு நாள் கழித்து, ஆகஸ்ட் 13-ம் தேதி, நம் அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சிலை திறக்கப்பட்டது. அம்பத்தூரிலிருந்து வில்லிவாக்கம் வழியாக அயனாவரம் போகிறவர்கள் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். அங்கே ஈரடியில் பாடியவர், இங்கே மூவடியில் பாடியவர். இரு மாநிலங்களுக்கும் நடுவே நடந்த கொடுக்கல் வாங்கல்களில் இதைவிடச் சமமான ஒன்றைக் காண்பது அரிது. துப்பாக்கி முனையில் கேட்டபோது கிடைக்காதது, இரண்டு முதல்வர்கள் பேசியபோது கிடைத்தது. எந்த உயிரும் பணயத்தில் இல்லாமல், ஒன்றுக்கு ஒன்று.

கைதிகள் விஷயம் அப்படி இல்லை.

வீரப்பன் கேட்டது, தடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் மைசூர்ச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த கைதிகள் 51 பேரை; தமிழ்நாட்டுச் சிறைகளில் இருந்த தமிழ்த் தீவிரவாத இயக்கத்தினர் ஐந்து பேரை. இரண்டு அரசுகளும் சம்மதித்தன. ஆனால் விசாரணையில் இருக்கும் கைதியைச் சிறைக் கதவைத் திறந்து அப்படியே அனுப்பிவிட அரசால் முடியாது. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அப்போதிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321-வது பிரிவுப்படி, நீதிமன்றத்தின் சம்மதத்தோடு அரசு வழக்கறிஞர் வழக்கைத் திரும்பப் பெறலாம் என்று இருந்தது. தடா குற்றச்சாட்டுகளை மட்டும் கைவிட்டுவிட்டால், ஜாமீன் கிடைப்பதை ஏறத்தாழ முடியாத காரியமாக்கிய அந்தச் சட்டத்தின் பிடி தளர்ந்துவிடும். பிறகு சாதாரணச் சட்டத்தில் ஜாமீன் வாங்கி எல்லோரும் வெளியே வரலாம். ஆகஸ்ட் மாதத்திலேயே மைசூரில் மனு போடப்பட்டது. எல்லைப் பகுதியில் அமைதி திரும்ப வேண்டும், மக்களிடையே இணக்கம் நிலவ வேண்டும் என்று காரணம் எழுதினார்கள். நீதிமன்றமும் சம்மதித்தது. ஜாமீனும் வந்தது.

அந்த இடத்தில்தான் அப்துல் கரீம் குறுக்கே வந்தார்.

அவர் ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி. மகன் ஷகீல் அகமது கர்நாடகப் போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். 1992 ஆகஸ்ட் 14-ம் தேதி மீன்யம் அருகே வீரப்பன் கும்பல் நடத்திய தாக்குதலில் எஸ்.பி. ஹரிகிருஷ்ணாவும் ஷகீல் அகமதுவும் கொல்லப்பட்டார்கள். எட்டு ஆண்டு கழித்து அந்தக் கும்பலோடு சேர்த்துப் பேசப்பட்டவர்களை அரசே வெளியே அனுப்பப் போகிறது என்று தெரிந்ததும், அந்த முதியவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ராஜ்குமாரின் ரசிகர்கள் லட்சக்கணக்கில் தெருவில் நின்ற நேரம் அது. ராஜ்குமாருக்கு ஏதாவது ஆகியிருந்தால் பழி முழுவதும் யார் மேல் விழுந்திருக்கும் என்பதை அவர் அறியாதவர் இல்லை. அறிந்துதான் போனார். இப்படி ஒரு துணிச்சல் இந்தத் தொடரில் இதுவரை வந்த எவரிடமும் இல்லை.

உச்ச நீதிமன்றம் முதலில் தடை விதித்தது. நவம்பர் 7-ம் தேதி, நீதிபதிகள் பரூச்சா, மொகபாத்ரா, சபர்வால் மூவரும் அடங்கிய அமர்வு, வழக்கைத் திரும்பப் பெறக் கொடுத்த அனுமதியையே ரத்து செய்தது. தீர்ப்பின் சாரம் எளிமையானது. வழக்கைக் கைவிடுவதா வேண்டாமா என்று அரசு வழக்கறிஞர் எல்லா ஆவணங்களையும் பார்த்துத் தன் புத்தியால் முடிவு செய்ய வேண்டும். அரசு சொன்னதை எழுதிக் கொடுப்பது அவர் வேலை இல்லை. பொதுநலனுக்கு இது உகந்ததா என்று நீதிபதியும் தனியாக ஆராய வேண்டும். மைசூரில் இரண்டும் நடக்கவில்லை. வெளியே வருபவர்கள் திரும்பவும் வீரப்பனோடு போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்வியையே யாரும் கேட்டிருக்கவில்லை.

எட்டாம் நாள், நவம்பர் 15-ம் தேதி, ராஜ்குமார் விடுதலையானார். கடைசிக் கட்டத்தில் தமிழ்த் தேசியத் தலைவர் பழ. நெடுமாறன் குழு காட்டுக்குள் போயிருந்தது. மைசூர்க் கைதிகள் ஒருவர்கூட அவருக்கு ஈடாக வெளியே வரவில்லை. பெரும் பணம் கைமாறியது என்று அப்போதைய கர்நாடக டி.ஜி.பி. தினகர் பின்னாளில் புத்தகமே எழுதினார். அரசுத் தரப்பு மறுத்தது.

இத்தோடு நிறுத்தினால் இது சட்டம் ஜெயித்த கதையாகத் தெரியும். ஆனால் அந்த 51 பேர் யார் என்று கேட்காமல் நகர்வது நேர்மையாகாது. பெரும்பாலும் மலையோரக் கிராமத்து ஏழைகள். 22 பேர் செத்த 1993 ஏப்ரல் பாலாறு குண்டுவெடிப்பை ஒட்டி அள்ளிக்கொண்டு வரப்பட்டவர்கள் அவர்களில் அதிகம். ஏழு ஆண்டுக்கு மேல் ஆகியும் விசாரணை முடியவில்லை. தடாச் சட்டமே 1995-ல் காலாவதியாகிவிட்டது. அதன் வழக்குகள் மட்டும் செத்த பிறகும் நடந்தன. 2001-ல் மைசூர் தடா நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் விடுதலையானார்கள். தண்டனை பெற்ற சிலரில் நான்கு பேரின் ஆயுள் தண்டனையை 2004-ல் உச்ச நீதிமன்றம் தூக்காக உயர்த்தியது. கருணை மனுவில் ஏற்பட்ட காலதாமதத்தால் 2014-ல் அது மறுபடி ஆயுளானது. வீரப்பன் வேட்டை என்ற பெயரில் நடந்த கொடுமைகளை விசாரித்த சதாசிவா குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது தேசிய மனித உரிமை ஆணையம்.

ஆக, வீரப்பன் கேட்ட பட்டியலில் குண்டு வைத்தவரும் இருந்தார், எதுவும் அறியாதவரும் இருந்தார். யார் யார் என்று பிரித்துச் சொல்லும் கடமை அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் இருந்தது. ஏழு ஆண்டில் அது நடக்கவில்லை. நடந்திருந்தால் 2000-ல் கேட்பதற்குப் பட்டியலே இருந்திருக்காது. ஒருவருக்கு 51 பேர் என்ற கணக்கைப் பார்த்து எல்லோரும் பதறினார்கள். அந்த 51 பேரில் பலர் எந்தப் பேரமும் இல்லாமலே வீட்டில் இருந்திருக்க வேண்டியவர்கள் என்பதற்கு யாரும் பதறவில்லை. இந்தத் தொடரின் கோபம் இதில்தான்.

நம் பகுதி ஆட்களுக்கு இது புரியும். ஆவடியிலிருந்து பருத்திப்பட்டு, சென்னீர்குப்பம் வழியாகப் பூந்தமல்லிக்கு வருகிற யாரைக் கேட்டாலும் ‘பூந்தமல்லி கோர்ட்’ என்றால் ராஜீவ் கொலை வழக்கு என்பார்கள். அதுவும் தடா வழக்குதான். மூடிய கதவுக்குள் விசாரணை. 1998 ஜனவரி 28-ம் தேதி குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் அங்கே தூக்கு விதிக்கப்பட்டது. 1999 மே 11-ம் தேதி உச்ச நீதிமன்றம், இந்த வழக்குக்குத் தடா பொருந்தாது என்றது. நான்கு பேருக்குத் தூக்கு, மூன்று பேருக்கு ஆயுள், மீதி 19 பேர் வெளியே போகலாம் என்றது. இடைப்பட்ட அந்தப் பதினைந்து மாதத்தில் யாரோ ஒருவர் யாரையோ கடத்திவைத்துக்கொண்டு இந்த 19 பேரையும் விடு என்று கேட்டிருந்தால், நாடே என்ன சொல்லியிருக்கும்? பயங்கரவாதிகளுக்குப் பணிவதா என்றிருக்கும். அவர்களில் ஒருவரைக்கூட அதற்குமேல் சிறையில் வைக்கக் காரணமில்லை என்று சொல்ல ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர வேண்டியிருந்தது.

எல்லாக் கைமாற்றும் இப்படி இல்லை என்பதும் உண்மை. ராஜ்குமார் கடத்தலுக்கு ஏழு மாதம் முன்புதான் காந்தஹார் விமானக் கடத்தல் நடந்து முடிந்திருந்தது. 36 பேர் என்று தொடங்கிய பட்டியல் மூன்றில் முடிந்தது. அந்த மூவரில் ஒருவர் மசூத் அசார். அவர் தொடங்கிய ஜெய்ஷ்-இ-முகமது அதற்குப் பிறகு கொன்ற உயிர்களை நாடு இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறது. 2011-ல் இஸ்ரேல், ஹமாஸ் பிடித்து வைத்திருந்த கிலாத் ஷாலித் என்ற ஒரே சிப்பாய்க்காக 1,027 பேரை விட்டது. அதில் பின்னாளில் ஹமாஸ் தலைவரான யாஹ்யா சின்வாரும் இருந்தார். ஆனால் அங்கே ஒரு முறை இருந்தது. அமைச்சரவை கூடி 26-க்கு 3 என்று வாக்களித்தது. யாரை விடப் போகிறோம் என்று பட்டியலை வெளியிட்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் நீதிமன்றத்துக்குப் போக அவகாசம் இருந்தது. போனார்கள், நீதிபதிகள் கேட்டார்கள், மனு தள்ளுபடியானது. தோற்றாலும் அவர்கள் பேச்சு பதிவானது. இங்கே அப்துல் கரீமுக்கு யாரும் நாற்காலி போடவில்லை. அவரே கதவைத் தட்டி உள்ளே வந்தார்.

கடத்தப்பட்டவரை மீட்க அரசு பேச வேண்டும், விட்டுக்கொடுக்கவும் வேண்டும். தண்டனை முடிவான கைதியை விடுவிக்க ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் அரசியல் சாசனம் அதிகாரம் தந்திருக்கிறது. வேண்டுமென்றால் அதைக் காரணம் எழுதி, பெயர் போட்டு, பாதிக்கப்பட்டவர்களைக் கேட்டுப் பயன்படுத்தட்டும். விசாரணைக் கைதி என்பவர் அரசின் கையிருப்பு இல்லை. குற்றமற்றவராக இருந்தால் அவரை வைத்திருந்ததே தவறு. குற்றவாளியாக இருந்தால் கொடுத்துவிட அவர் அரசின் சொத்தும் இல்லை.

இந்த நிலைப்பாட்டுக்கு ஒரு கடினமான எதிர்க்கேள்வி இருக்கிறது. அதன் பெயர் நாகப்பா. 2002 ஆகஸ்ட் 25-ம் தேதி கர்நாடக முன்னாள் அமைச்சர் எச். நாகப்பாவை காமகெரேயில் இருந்த அவருடைய வீட்டிலிருந்து வீரப்பன் கடத்தினார். மூன்று மாதத்துக்கும் மேல் இழுத்தது. டிசம்பர் 8-ம் தேதி காட்டில் அவர் உடல் கிடைத்தது. ராஜ்குமார் பிழைத்ததை வைத்து விடாப்பிடிதான் சரி என்று யாராவது சொன்னால், நாகப்பா குடும்பத்தின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா என்று யோசிக்க வேண்டும். ராஜ்குமார் கடத்தல் வழக்கே கடைசியில் என்ன ஆனது? 2018 செப்டம்பரில் கோபிசெட்டிபாளையம் நீதிமன்றம் எஞ்சியிருந்த ஒன்பது பேரையும் விடுதலை செய்தது. ராஜ்குமார் இறந்து பன்னிரண்டு ஆண்டு, வீரப்பன் சுடப்பட்டு ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு ஆகியிருந்தது.

அலெக்ஸ் பால் மேனன் அடுத்த வாரத்துக்குப் போகிறார். அவர் வழக்கு இங்கே விட்ட இடத்திலிருந்துதான் தொடங்குகிறது: 2012 ஏப்ரல் 21-ல் பாதுகாவலர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு அவரைப் பிடித்துப் போன மாவோயிஸ்டுகளும் சிறையில் இருப்பவர்களைத்தான் கேட்டார்கள். சத்தீஸ்கர் அரசு ஆளைக் கொடுக்காமல், விசாரணைக் கைதிகளின் வழக்குகளை மறுபரிசீலனை செய்ய நிர்மலா புச் தலைமையில் குழு ஒன்றைக் கொடுத்தது. அந்தக் குழு பஸ்தர் சிறைகளில் கண்டது என்ன, அதன் பரிந்துரைகள் என்ன ஆயின, அதற்கு முந்தைய ஆண்டு மல்கான்கிரியில் கடத்தப்பட்ட, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த கலெக்டர் வினீல் கிருஷ்ணாவுக்காக ஒடிசா என்ன கொடுத்தது என்பதையெல்லாம் அடுத்த இதழில் பார்க்கலாம்.

(தொடரும்)