நுண்மின்கட்டமைப்பும் மின் சேமிப்பு மேலாண்மையும்

ஒரு தீவு, மருத்துவமனை, கல்லூரி வளாகம் அல்லது சிற்றூர் தனக்கென மின்னாக்கம், சேமிப்பு, பகிர்மானம் ஆகியவற்றை ஒரே கட்டுப்பாட்டின் கீழ் வைத்திருக்கும் அமைப்பே நுண்மின்கட்டமைப்பு. இதனை மைக்ரோகிரிட் என்றும் அழைப்பர். இது பெருமின்தொகுப்புடன் இணைந்து இயங்கலாம். தேவைப்படும்போது பிரிந்து தனித்தும் இயங்கலாம். சூரியத் தகடுகள், காற்றாலைகள், டீசல் மின்னாக்கிகள், மின்கலங்கள் ஆகியவை இதன் பொதுவான உறுப்புகள். சேமித்த மின்சாரத்தை இப்போது செலவிடுவதா, பின்னர் வரக்கூடிய தேவைக்கு வைத்திருப்பதா என்பதே இதன் மேலாண்மையில் நாள்தோறும் எழும் கேள்வி.

மூன்று நிச்சயமின்மைகள்

முதலாவது, மின்னாக்கம். மேகம் மறைத்தால் சில நிமிடங்களில் சூரிய மின்சாரம் பாதிக்கும் கீழே இறங்கலாம். காற்று நாட்கணக்கில் ஓய்ந்துவிடலாம். இரண்டாவது, மின் தேவை. வெப்பம் மிகுந்த நாளில் குளிரூட்டிகளால் அது திடீரென உயரும். மூன்றாவது, விலை. மின்சந்தையில் வாங்கி விற்கும் இடங்களில் விலை ஒரே நாளில் பல மடங்கு மாறும். இம்மூன்றையும் முன்கணிக்கலாம், ஆனால் பிழையின்றிக் கணிக்க இயலாது.

சேமித்த ஒரு யூனிட்டின் மதிப்பு

நீர்த்தேக்கங்களைப் பற்றி ஆராய்ந்த பிரெஞ்சுப் பொறியாளர் பியேர் மாசே, 1946-இல் வெளியிட்ட நூலில் இச்சிக்கலுக்கு அடிப்படை அமைத்தார். சேமிப்பின் மதிப்பு அதை வாங்கிய விலையில் இல்லை; எதிர்காலத்தில் அது தவிர்க்கும் செலவில் உள்ளது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஒரு யூனிட் 4 ரூபாய்க்கு வாங்கி மின்கலத்தில் ஏற்றப்படுகிறது. ஏற்றி இறக்குவதில் 15 விழுக்காடு இழப்பு என்றால், திரும்பக் கிடைக்கும் ஒரு யூனிட்டின் அடக்கவிலை ஏறத்தாழ 4.70 ரூபாய். மின்கலத் தேய்மானத்துக்கு 2 ரூபாய் சேர்த்தால் 6.70 ரூபாய். அதற்கு மேல் பயன் கிடைக்கும் என்று எதிர்பார்த்தால் மட்டுமே ஏற்ற வேண்டும்.

ஏற்றிய பிறகு கணக்கு மாறுகிறது. வாங்கிய 4 ரூபாய் முடிந்துபோன செலவு. மாலையில் விற்றால் 7 ரூபாய் கிடைக்கும். இரவில் மின்வெட்டு வந்தால் அதே யூனிட் 25 ரூபாய் டீசல் செலவை மிச்சப்படுத்தும். மின்வெட்டுக்கான வாய்ப்பு ஐந்தில் இரண்டு என்றால், வைத்திருப்பதன் எதிர்பார்ப்பு மதிப்பு குறைந்தது 10 ரூபாய். எனவே விற்காமல் இருப்பதே இலாபம். மின்வெட்டு வராமல் போனாலும் அம்முடிவு தவறானதாகாது. அப்போது இருந்த தகவலுக்கு அதுவே சரியானது.

எல் இயெரோ: தனித்த தீவு

எசுப்பானியாவின் கனாரித் தீவுகளில் ஒன்றான எல் இயெரோ பிற மின்தொகுப்பு எதனுடனும் இணைக்கப்படவில்லை. 2014-இல் அங்கு 11.5 மெகாவாட் காற்றாலைகளும், 11.3 மெகாவாட் நீர்மின் உருளைகளும் கொண்ட நிலையம் திறக்கப்பட்டது. காற்று மிகும்போது நீர் ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்திலுள்ள மேல்தேக்கத்துக்கு ஏற்றப்படும். காற்று குறையும்போது அந்நீர் இறங்கி மின்சாரம் தரும்.

மேல்தேக்கத்தின் கொள்ளளவு 3,80,000 கனமீட்டர். கீழ்த்தேக்கத்துக்கோ 1,50,000 கனமீட்டர் மட்டுமே. ஆகவே ஒரு சுற்றில் பயன்படுவது சிறிய தேக்கத்தின் அளவே. அவ்வளவு நீர் இறங்கினால் இழப்பு போக இரண்டு இலட்சம் யூனிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். அது தீவின் இரண்டு நாள் தேவைக்கும் குறைவு. 2019 கோடையில், காற்று தொடர்ந்து வீசிய காலத்தில், தீவு 24 நாட்கள் டீசலின்றி இயங்கியது. காற்று ஓயும் வாரங்களில் டீசல் நிலையம் மீண்டும் தேவைப்படுகிறது.

ஆசுத்திரேலியா: சந்தையின் நடுவே

தெற்கு ஆசுத்திரேலியாவில் 2016 செப்டம்பர் 28 அன்று வீசிய புயலின்போது மாநிலம் முழுவதும் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இறுதியில் ஆர்ன்சுடேல் என்னுமிடத்தில் 100 மெகாவாட் திறனும் 129 மெகாவாட்-மணி கொள்ளளவும் கொண்ட மின்கல நிலையம் இயங்கத் தொடங்கியது. இது நுண்மின்கட்டமைப்பு அன்று. ஆனால் விலை நிச்சயமின்மையைக் காட்டும் நல்ல எடுத்துக்காட்டு. அச்சந்தையில் விலை ஒரு மெகாவாட்-மணிக்கு -1,000 டாலர் வரை இறங்கலாம். 15,000 டாலருக்கு மேலும் ஏறலாம். 2021 அக்டோபர் முதல் கணக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறை தீர்க்கப்படுகிறது.

தொடக்கத்தில் அதன் திறனில் 70 மெகாவாட் மாநிலத்தின் மின்பாதுகாப்புக்கென ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்டது. எஞ்சிய 30 மெகாவாட் வணிகத்துக்கு விடப்பட்டது. விலை எவ்வளவு ஏறினாலும் தொடக்கூடாத பங்கை முன்னரே வரையறுப்பது இதன் பாடம்.

முடிவெடுக்கும் முறைகள்

எளிய விதிகள்: "மாலை ஆறு மணிக்குள் மின்கலம் 80 விழுக்காடு நிரம்பியிருக்க வேண்டும்" என்பது போன்றவை. அமைப்பது எளிது, சூழல் மாறினால் பொருந்தாமல் போகும்.

பல காட்சித் திட்டமிடல்: வெயில், மேகம், மின்வெட்டு எனப் பல சாத்தியங்களுக்கும் வாய்ப்பளவு கொடுத்து, சராசரியில் செலவு குறைந்த திட்டத்தைத் தேர்வது.

உறுதிநோக்குத் திட்டமிடல்: வரம்புக்குள் மிக மோசமான நிலை வந்தாலும் தாங்கும் திட்டத்தைத் தேர்வது. பாதுகாப்பு கூடும், செலவும் கூடும்.

இயங்குநிலை நிரலாக்கம்: 1950-களில் ரிச்சர்டு பெல்மன் உருவாக்கியது. ஒவ்வொரு நேரத்திலும் ஒவ்வொரு சேமிப்பு அளவுக்கும் எதிர்கால மதிப்பைப் பின்னிருந்து முன்னாகக் கணிக்கிறது. சேமிப்பகங்கள் பெருகும்போது கணக்கு மலைபோல் வளர்வது இதன் குறை.

நகரும் காலத் திட்டமிடல்: அடுத்த 24 மணி நேரத்துக்குத் திட்டமிட்டு, முதல் 15 நிமிடத்தை மட்டும் செயல்படுத்தி, புதிய கணிப்புடன் மீண்டும் திட்டமிடுவது. கணிப்புப் பிழைகள் உடனுக்குடன் திருத்தப்படுவதால் நடைமுறையில் இம்முறை பரவலாகப் பயன்படுகிறது.

எம்முறையாயினும் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தச் சுமைகள் அணையக்கூடாது என்பதே. அறுவை அரங்கு, தடுப்பூசிக் குளிர்பெட்டி, குடிநீர் ஏற்றும் மோட்டார் ஆகியவற்றுக்கான இருப்பு ஒதுக்கப்பட்ட பின்னரே மிச்சத்தை விலைக்கேற்ப விற்கலாம். மின்கலத்தை எப்போதும் முழுமையாக நிரப்பி வைப்பதும் தீர்வாகாது. நாளைய வெயிலை ஏற்கச் சிறிது வெற்றிடமும் தேவை.