மதுரையின் பொதுச்சுவர் வீடுகள்: இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

கோரிப்பாளையத்தில் பஸ் ஏறி ஏ.வி. பாலத்தைத் தாண்டுகிறீர்களே, அந்தப் பாலம் 1889-இல் வந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, ஆற்றின் தென்கரையில் மதுரை தன் கோட்டையையே இடித்துத் தெருவாக்கிக்கொண்டது தெரியுமா?

ஆமாம், கோட்டையையேதான்! கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1830-களின் கடைசியில் தொடங்கிய வேலை அது. மதிலை இடித்த இடிபாட்டைக் கொண்டே அகழியைத் தூர்த்தார்கள். வெளி வீதிகளும், மாரட் வீதியும், பெருமாள் மேஸ்திரி வீதியும் அப்படிப் பிறந்தவைதான். நீங்கள் வளையல் வாங்கப் போகும் விளக்குத்தூண் இருக்கிறதே, அது அந்த பிளாக்பர்னின் நினைவாக நட்டது!

தெரு பிறந்த கதை இருக்கட்டும், பழைய மதுரைத் தெருக்களின் செங்கல் வீடுகளைக் கவனித்திருக்கிறீர்களா? இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்! பத்திரத்தில் ‘பொதுச்சுவர்’ என்றே எழுதுவார்கள். செங்கல் மிச்சம், இடம் மிச்சம், பக்கச் சுவரில் வெயிலும் படாது. பக்கத்தில் ஜன்னல் வைக்க வழியில்லையே, வெளிச்சத்துக்கு என்ன செய்வது? அதற்குத்தான் முற்றம்! திண்ணை, நடை, முற்றம், பட்டாசாலை, அடுப்படி என்று வீடு நீளமாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வானம் நடுவில் இறங்கி வரும்.

இங்கே கோட்டை இடிந்த அதே காலத்தில் லண்டனிலும் செங்கல் வரிசை வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அங்கே பொதுச்சுவர் எத்தனை கனம் இருக்க வேண்டும் என்பதை 1774-ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது, தீ அடுத்த வீட்டுக்குத் தாவிவிடக் கூடாதே! இன்னொன்று கேளுங்கள்: 1784 முதல் 1850 வரை இங்கிலாந்தில் செங்கலுக்கே வரி! ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கினார்கள். ஆட்கள் கல்லைப் பெரிதாக அறுத்துத் தப்பினார்கள். விட்டதா அரசு? 1803-இல் பெரிய கல்லுக்கு இரட்டை வரி போட்டது!

ஆனால் அங்கே இல்லாத அதிசயம் நம் தலைக்கு மேலே இருக்கிறது. மெட்ராஸ் டெரஸ் கூரை! தேக்குச் சட்டங்களை நெருக்கமாகப் பரப்பி, அவற்றின் மேல் ஒரு அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைக் குத்துக்கல்லாக, குறுக்குச்சாய்வாகச் சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டே போவார்கள். அடியில் முட்டுப்பலகை கிடையாது! ஒரு மூலையில் தொடங்கினால், வைத்த வரிசையே அடுத்த வரிசையைத் தாங்கும். அது இறுகியதும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் அடிப்பார்கள். அடி விழுந்த கட்டை துள்ளி எழ வேண்டும், அதுவரை ஓயமாட்டார்கள். கடைசியில் தட்டோடு. இத்தனை பேர் கைபட்ட கூரையின் கீழ் சித்திரை வெயிலில் படுத்துப் பாருங்கள், அந்த உழைப்பின் அருமை தெரியும்.

சுண்ணாம்புக்கு வயதானால் வலுவும் கூடும் என்றால் நம்புவீர்களா? காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்து அது மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது! 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகால் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். கோரிப்பாளையத்துக்குப் பக்கத்திலேயே தமுக்கம் அரண்மனை இருக்கிறது, இன்றைய காந்தி மியூசியம். அங்கே போனால் சுவரின் கனத்தைப் பாருங்கள்!

பழைய வீடு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு உப்பிப் பெயரும். பூசுவதென்றால் சுண்ணாம்பே பூசுங்கள். இடிப்பதென்றால் பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலில் பேசுங்கள். அவர் வீட்டுச் சட்டங்களின் முனையும் அதே பொதுச்சுவரில்தான் உட்கார்ந்திருக்கும்!