‘எம்புள்ள வந்துட்டானா?’: முதியோர் இல்லங்களில் ‘குடும்ப நாள்’ நடப்பது எப்படி?

சொந்தக்காரர்கள் வருவது காலை 10 மணிக்குத்தான். ஆனால் 5 மணிக்கே தலைக்கு குளித்து, பெட்டியில் மடித்து வைத்த நல்ல சேலையை கட்டிக்கொண்டு வராண்டா பெஞ்சில் வந்து உட்கார்ந்து விடுவார்கள் பாட்டிகள். தாத்தாக்களுக்கு முந்தின நாளே ஷேவிங் முடிந்திருக்கும். கேட் சத்தம் கேட்டால் போதும், அத்தனை தலையும் ஒரே நேரத்தில் திரும்பும்.

முதியோர் இல்லங்களில் குடும்ப நாள் என்றால் இதுதான் காட்சி. சில இல்லங்களில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடத்துகிறார்கள். சில இடங்களில் பொங்கல், தீபாவளியை ஒட்டியோ, உலக முதியோர் தினமான அக்டோபர் 1-ந் தேதியோ நடக்கும்.

வெளியில் இருந்து பார்த்தால் ஷாமியானா பந்தல், வாழை இலை சாப்பாடு, மைக் செட் என்று கல்யாண வீடு மாதிரி தெரியும். சமையலுக்கு ஆள் பிடித்து விடலாம். பந்தலுக்கும் ஆள் இருக்கிறது. யாரும் வராமல் கேட்டையே பார்த்துக்கொண்டு இருக்கிற அந்த 4 பேருக்கு என்ன செய்வது? குடும்ப நாள் நல்லபடியாக நடந்ததா இல்லையா என்பது அதில்தான் இருக்கிறது.

‘பார்க்கலாம்’ என்றால் வரமாட்டார்

வேலை 2, 3 வாரத்துக்கு முன்பே தொடங்கி விடும். ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டு, வருவது யார் யார், எத்தனை மணிக்கு என்று நோட்டில் எழுத வேண்டும். ‘வர்றோம்’ என்றவர் ஒரு பக்கம். ‘பார்க்கலாம்’ என்றவரை வராதவர் கணக்கில் வைப்பதுதான் அனுபவம் உள்ளவர்கள் செய்வது.

உறுதியாக தெரியாமல் ‘உங்க மகன் வர்றாரு’ என்று பெரியவரிடம் வாய் தவறிக்கூட சொல்லக்கூடாது. சொல்லி விட்டு மகன் வராவிட்டால், ‘பஸ் கிடைக்கலையோ என்னவோ’ என்று தன்னையே தேற்றிக்கொண்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்து விடுவார்.

பிள்ளைகள் வரவில்லை என்றால் அதோடு விட்டு விடுவதா? தங்கச்சி மகன், பழைய பக்கத்து வீட்டுக்காரர், ஒன்றாக மில்லில் வேலை பார்த்தவர் என்று தேடினால் யாராவது ஒருவர் கிடைப்பார். கல்லூரி பசங்களையும் கூப்பிடலாம். ஆனால் ‘இவங்கதான் இனி உங்க பேரப்பிள்ளைங்க’ என்று வசனம் பேச வேண்டாம். விருந்தாளி என்று சொன்னால் போதும், பெரியவர்களே பழகிக்கொள்வார்கள்.

வேலை கொடுத்தால் முகம் மலரும்

ஆள் வராதவர்களை தனி பந்தியில் உட்கார வைப்பதுதான் பெரிய தப்பு. வந்திருக்கிற ஒரு குடும்பத்தோடு இவர்களில் ஒருவரை சேர்த்து இலை போட வேண்டும்.

அதைவிட நல்ல வழி, வேலை கொடுப்பது. வாசலில் சந்தனம், கற்கண்டு தட்டோடு வரவேற்க ஒருவர். மைக்கில் பெயர் படிக்க ஒருவர். ரிடையர்டு கண்டக்டர் இருந்தால் சாப்பாட்டு டோக்கனை அவர் கையில் கொடுத்து விட்டால் போச்சு, சில்லறை பிரச்சினை கூட வராது!

‘மகன் வந்ததும் சாப்பிடுறேன்’

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வருவதும் உண்டு. காரணம் பெரும்பாலும் காலை டிபன்தான். சர்க்கரை மாத்திரையை போட்டுக்கொண்டு அல்லது இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு, ‘மகன் வந்ததும் சேர்ந்து சாப்பிடுறேன்’ என்று வெறும் வயிற்றில் உட்கார்ந்து இருப்பார்கள். ரத்தத்தில் சர்க்கரை தடாலென இறங்கி வியர்த்துக்கொட்டும், கை நடுங்கும், மயக்கம் வரும். அதனால் யார் வந்தாலும் வராவிட்டாலும் 8 மணிக்கு இட்லி சாப்பிட வைத்து விட வேண்டும்.

வருகிறவர்கள் வாங்கி வரும் பொருளும் நர்ஸ் கண்ணில் பட்ட பிறகுதான் உள்ளே போக வேண்டும். ஸ்வீட் பாக்ஸ் ஆபத்து எல்லாருக்கும் தெரியும். இளநீரைத்தான் மறந்து விடுவார்கள். அதில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரக கோளாறு உள்ளவர்களுக்கு டாக்டரை கேட்காமல் கொடுக்கக்கூடாது. பக்கவாதம் வந்து விழுங்க சிரமப்படுகிறவர்களுக்கு முறுக்கு, மிக்சர் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

காய்ச்சல், இருமல் இருந்தால் அன்றைக்கு வராமல் இருப்பதே பாசம். 2020-ல் கொரோனா நேரத்தில் வாசல் மூடிய பிறகு பல இல்லங்களில் வீடியோ கால் பழக்கமாகி விட்டது. வர முடியாதவர்கள் அதில் முகம் காட்டலாம்.

மறதி நோய் உள்ள தாயிடம் ‘என்னைத் தெரியுதாம்மா?’ என்று பரீட்சை வைக்கிறார்கள். பெயர் வராமல் அவர் தவிக்கும் தவிப்பை பார்க்க முடியாது. ‘அம்மா, நான் உங்க சின்ன மகன் வந்திருக்கேன்’ என்று தானே சொல்லி கையை பிடித்துக்கொண்டால் போதும். பழைய போட்டோ கொண்டு வந்தால் இன்னும் நல்லது.

பழப்பையில் பத்திரம்

எல்லாரும் பாசத்தோடு மட்டுமே வருவதில்லை. பழப்பையோடு பத்திரத்தையும் கொண்டு வந்து, ‘இங்க ஒரு கையெழுத்து போடுங்கப்பா’ என்று நீட்டுகிறவர்களும் உண்டு. மாதக்கணக்கில் எட்டிப்பார்க்காத பிள்ளை அன்றைக்கு வந்தாலே பெரியவருக்கு கண் மறைத்து விடும். எதில் வேண்டுமானாலும் கைநாட்டு வைப்பார். குடும்ப நாளில் எந்த காகிதத்திலும் கையெழுத்து கிடையாது என்று வாசலிலேயே போர்டு எழுதி வைத்து விடலாம்.

‘கடைசி வரை பார்த்துக்கொள்கிறேன்’ என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கி விட்டு கைவிட்டால், 2007-ம் ஆண்டு சட்டத்தின் 23-வது பிரிவில் அந்த பத்திரத்தை செல்லாது என்று அறிவிக்க முடியும். மத்தியபிரதேசத்தை சேர்ந்த ஒரு தாய் மகனுக்கு எழுதிக்கொடுத்த சொத்தை, 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு அவருக்கே திரும்ப கிடைக்க செய்தது. நிபந்தனையை எழுத்தில் வைத்துக்கொண்டால் வழக்கில் திண்டாட்டம் குறையும்.

வருமானம் இல்லாத பெற்றோர் மாதம் ரூ.10 ஆயிரம் வரை பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கேட்கவும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்க வேண்டும். நடக்க முடியாதவர் சார்பில் வேறொருவர் கூட கொடுக்கலாம். விவரம் கேட்க முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது.

4 மணிக்கு கார், ஆட்டோ எல்லாம் கிளம்பி விடும். பந்தல் பிரிக்கும் சத்தம் மட்டும்தான் கேட்கும். கண்ணீர் வருவது அப்போதுதான். அதனால் ஊழியர்களை சாயங்காலம் லீவில் அனுப்பாமல் வைத்துக்கொள்வது அவசியம். 5 மணிக்கு எல்லாருக்கும் சூடாக டீ கொடுத்து, வழக்கமான டி.வி. சீரியலை போட்டு விட வேண்டும். வந்து போனவர்களிடம் ‘வீடு போய் சேர்ந்ததும் ஒரு போன் போடுங்க’ என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால், ராத்திரி 8 மணிக்கு ஆபீஸ் போன் அடிக்கும்போதெல்லாம் ஒரு பாட்டி எழுந்து வருவார்.