விளையாட்டுக் கணினியும் வீட்டு வரவு செலவும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த மண்ணை விட்டுத் தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம்மவர் இல்லங்களில், மாதத்தின் முதல் நாளன்று கைக்கு வரும் ஊதியத்திற்குப் பங்காளிகள் பலர். வீட்டு வாடகை ஒன்று. பள்ளிக் கட்டணம் ஒன்று. ஊரிலிருக்கும் பெற்றோர்க்கு அனுப்பும் தொகை ஒன்று. கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஊர் சென்று மீளும் ரயில் செலவு ஒன்று. அண்மைக் காலத்தில் இவற்றோடு புதியதொரு பங்காளியும் வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் கணினியே அது.

கணினியை ஒருமுறை வாங்கிவிட்டால் செலவு தீர்ந்தது என்று பெற்றோர் எண்ணுகின்றனர். பிள்ளைகளோ, "கிராபிக்ஸ் கார்டு பழசாகிவிட்டது, அப்பா. என் நண்பர்கள் எல்லாரும் மாற்றிவிட்டார்கள்" என்கின்றனர். "வாங்கி மூன்றாண்டுகூட ஆகவில்லையே!" என்பது தந்தையின் விடை. இவ்வழக்கில் இரு திறத்தாரும் பிழையான அளவுகோலையே கையில் ஏந்தியிருக்கின்றனர் என்பது நம் கருத்து. தந்தையார் நாள்காட்டியைக் கொண்டு அளக்கிறார். பிள்ளைகள் கடைத்தெருவைக் கொண்டு அளக்கின்றனர். நம் வீட்டுக் கணினி நாம் கேட்கும் வேலையைச் செய்கிறதா, இல்லையா? அளக்க வேண்டியது அதனை மட்டுமே.

கடைத்தெருவின் நாள்காட்டி

கணினித் தொழில் விரைந்து வளர்வதைப் பற்றி நாம் அனைவரும் கேட்டிருக்கிறோம். இன்டெல் நிறுவனத்தைத் தோற்றுவித்தோருள் ஒருவரான கார்டன் மூர், ஒரு சில்லில் அடங்கும் நுண்ணுறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்று 1965-இல் கணித்தார். 1975-இல் அதனை ஈராண்டுக்கு ஒருமுறை எனத் திருத்தினார். கிராபிக்ஸ் கார்டு விற்பனையும் ஏறத்தாழ ஈராண்டுக் கணக்கிலேயே நடைபெற்று வருகிறது. என்விடியா நிறுவனத்தின் புதிய தலைமுறைக் கார்டுகள் 2016, 2018, 2020, 2022 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. அடுத்தது 2025-இன் தொடக்கத்தில் வந்தது.

ஆனால் இது விற்பவரின் நாள்காட்டியே அன்றி வாங்குபவரின் நாள்காட்டி அன்று. விளையாட்டுகளை ஆக்குவோர், கணினியை மட்டும் கருதி அவற்றை ஆக்குவதில்லை. பெரிய விளையாட்டுகளுள் மிகப் பல பிளேஸ்டேஷன் போன்ற கருவிகளுக்கும் சேர்த்தே ஆக்கப்படுகின்றன. பிளேஸ்டேஷன் 4 வெளிவந்தது 2013-இல். பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தது 2020-இல். இடையில் ஏழாண்டுகள். ஆகவே விளையாட்டுகளின் அடிப்படைத் தேவை ஈராண்டுக்கொரு முறை துள்ளி ஏறுவதில்லை; நெடுநாள் ஒரு மட்டத்தில் நின்று, பின்னரே ஏறுகிறது.

இதற்குச் சான்றாக ஒரு கார்டின் வாழ்வை நோக்குவோம். ஜி.டி.எக்ஸ். 1060 என்னும் நடுத்தர விலைக் கார்டு 2016-இல் வெளிவந்தது. ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளம் மாதந்தோறும் எடுக்கும் கணக்கெடுப்பில், பல ஆண்டுகள் மிகுதியானோர் வைத்திருந்த கார்டு இதுவே. 2022-இன் இறுதியில்தான் அது முதலிடத்தை இழந்தது. 2024 டிசம்பரில் வெளிவந்த 'இண்டியானா ஜோன்ஸ்' விளையாட்டும், 2025 மே மாதம் வெளிவந்த புதிய 'டூம்' விளையாட்டும், ஒளிக்கதிர்களைக் கணக்கிடும் 'ரே டிரேசிங்' வசதி இல்லாத கார்டுகளில் ஓடா என்ற நிலை வந்தது. அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர் வழங்குவதையும் 2025 அக்டோபரோடு என்விடியா நிறுத்திக்கொண்டது. நடுத்தரக் கார்டு ஒன்று எட்டு, ஒன்பது ஆண்டுகள் பணி செய்தே ஓய்வு பெற்றது. இடையே நான்கு புதிய தலைமுறைகள் கடைக்கு வந்து போயின என்பதை நினைவிற் கொள்க.

கேட்க வேண்டிய மூன்று வினாக்கள்

"மாற்ற வேண்டும்" என்ற பேச்சு எழும்போது, வீட்டார் கூடி அமர்ந்து மூன்று வினாக்களுக்கு விடை காணுதல் நலம்.

முதல் வினா: உண்மையில் விளையாடப்படுவது எது? 'வலோரன்ட்', 'கவுண்டர் ஸ்டிரைக்', 'மைன்கிராப்ட்' போன்ற விளையாட்டுகளே மாலை நேரத்தைக் கொள்கின்றன என்றால், அவற்றிற்கு எளிய கணினியே போதும். வாங்க விரும்பும் புது விளையாட்டு ஒன்று இன்றைய கணினியில் ஓடாது என்று அதன் விற்பனைப் பக்கத்திலேயே குறிப்பிடப்பட்டிருந்தால் அது ஒரு காரணம். என்றேனும் ஒருநாள் வரப்போகும் விளையாட்டுக்காக இன்றே செலவிடுவது காரணமாகாது.

இரண்டாம் வினா: திரை எத்தகையது? 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட திரையில் உள்ளவை 20,73,600 புள்ளிகள். 4கே எனப்படும் திரையில் உள்ளவை 82,94,400 புள்ளிகள். அதாவது கார்டு நான்கு மடங்கு புள்ளிகளுக்கு வண்ணம் தீட்ட வேண்டும். தள்ளுபடியில் கிடைத்ததென்று 4கே மானிட்டரை வாங்கி வந்தவர், சில மாதங்களில் கார்டையும் மாற்ற நேர்வது இதனால்தான். திரை மலிவாகக் கிடைக்கலாம். அதன் பின்னால் வரும் செலவு மலிவன்று.

மூன்றாம் வினா: தடையாக நிற்கும் உறுப்பு எது? இதனை அறியக் காசு தேவையில்லை. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் போதும். கிராபிக்ஸ் கார்டு நூற்றுக்கு நூறு உழைத்துப் பிராசசர் ஓய்ந்திருந்தால் குறை கார்டில். ரேம் முற்றும் நிரம்பியிருந்தால் குறை ரேமில். விளையாட்டு தொடங்கவே நெடுநேரம் ஆகிறதென்றால் பழைய ஹார்டு டிஸ்கை ஐயுறலாம். கார்டு ஓய்ந்திருக்கையில் பிராசசர் திணறினால், புதுக் கார்டு வாங்கியும் பயன் சிறிதே. நோய் ஓரிடத்தில், மருந்து வேறிடத்தில் என்றாகிவிடக் கூடாதல்லவா?

இவ்வினாக்களுக்கு முன்பே செய்ய வேண்டிய காசில்லாத வேலைகள் இரண்டு உண்டு. ஒன்று, விளையாட்டின் செட்டிங்ஸை ஒரு படி இறக்கிப் பார்த்தல். உச்ச நிலைக்கும் அதற்கடுத்த நிலைக்கும் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு பெரும்பாலும் சிறிது. கார்டுக்குக் குறையும் சுமையோ பெரிது. மற்றொன்று, தூசி நீக்குதல். தில்லியின் புழுதியும் கோடை வெப்பமும் நாம் அறிந்தவை. விசிறியிலும் வெப்பத் தகட்டிலும் தூசி படிந்தால் உறுப்புகள் சூடேறித் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். பழசாகிவிட்டது என்று பழிக்கப்படும் கணினிகளுள் சில, மூச்சு முட்டிய கணினிகளே. மின் இணைப்பை அகற்றி, விசிறி சுழலாதவாறு பிடித்துக்கொண்டு, தூசியை ஊதி நீக்கினால் அவை மீண்டும் பழைய வேகத்தில் ஓடக் காணலாம்.

உறுப்புக்கு ஒரு வயது

"கணினியை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது?" என்று கேட்பதினும், "எந்த உறுப்பை எப்போது மாற்றுவது?" என்று கேட்பதே சரி. பெட்டியும் நல்ல மானிட்டரும் பத்தாண்டு பயன்படலாம். தரமான பவர் சப்ளைகளுக்கு ஏழு முதல் பத்தாண்டு வரை உத்தரவாதம் தருகின்றனர். ஆகவே அதில் சிக்கனம் பார்த்தல் தகாது. மதர்போர்டையும் பிராசசரையும் ஐந்து அல்லது ஆறு ஆண்டுக்குக் கருதி வாங்கலாம். முதலில் மாற்ற நேர்வது கிராபிக்ஸ் கார்டே. நான்கைந்து ஆண்டு அதற்கு நியாயமான காலம்.

மதர்போர்டு வாங்கும்போது, "இதில் இன்னும் எத்தனை தலைமுறைப் பிராசசர்கள் பொருந்தும்?" என்று கேட்டறிதல் வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் முதல் ரைசன் பிராசசர்கள் 2017-இல் வந்தன. அவற்றிற்கென வாங்கிய மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்தபின், 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி பிராசசரைப் பொருத்த முடிந்தது. ஐந்தாண்டு வளர்ச்சியை ஒரே பலகையில் பெற்றனர் அவ்வீட்டார். மாறாக, இன்டெல் நிறுவனம் 2021-இல் கொணர்ந்த பொருத்துமுறை மூன்று தலைமுறைகளுக்குப் பயன்பட்டு, 2024-இல் மேசைக் கணினிகளுக்கு வேறொன்று வந்தது. எது சிறந்த நிறுவனம் என்பதன்று இங்கே பேச்சு. வாங்கும் நாளிலேயே வருங்காலத்தைக் கேட்டறிய வேண்டும் என்பதே.

விளையாட்டுக்குத் தொடர்பில்லாத காரணத்தாலும் மாற்றம் கட்டாயமாகலாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது. விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் குறிப்பிட்ட தலைமுறைப் பிராசசர்களையும் வேண்டி நிற்கிறது; இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை முதலானவையே தகுதி பெறும். பிள்ளைகள் விளையாடும் அதே கணினியில் தந்தையார் வங்கிக் கணக்கையும் பார்க்கிறார் என்றால், பாதுகாப்பற்ற கணினியை வைத்துக்கொண்டு காலம் கடத்தலாகாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கணக்குக்காக ஒரு கார்டின் விலை 30,000 ரூபாய் என்று கொள்வோம். ஈராண்டில் விற்றால் பாதி விலையும், நான்காண்டில் விற்றால் கால் பங்கும், ஆறாண்டில் விற்றால் 3,000 ரூபாயும் தேறும் எனவும் கொள்வோம். பன்னிரண்டு ஆண்டில், ஈராண்டுக்கொரு முறை மாற்றுவோர்க்கு நிகரச் செலவு 90,000 ரூபாய். நான்காண்டுக்கொரு முறை மாற்றுவோர்க்கு 67,500. ஆறாண்டுக்கொரு முறை மாற்றுவோர்க்கு 54,000. இரண்டிலிருந்து நான்குக்குப் போனால் மிச்சம் 22,500. நான்கிலிருந்து ஆறுக்குப் போனால் மிச்சம் 13,500. பொறுமையின் பெரும்பயன் முதல் நான்காண்டிலேயே கிடைத்துவிடுகிறது என்பதை இக்கணக்கு காட்டும். அதற்குமேல் பொறுப்பது அவரவர் நிலைக்கும் விருப்பத்திற்கும் உரியது.

விலையைப் போலவே மின்செலவும் எண்ணத்தக்கது. ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டின் மின்தேவை 170 வாட்; 2025-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090 கார்டுக்கோ 575 வாட். முழு வேகத்தில் நாளொன்றுக்கு இரண்டு மணி ஓடினால், வேறுபாடு மாதத்திற்கு ஏறத்தாழ 24 யூனிட். அவ்வெப்பமும் அதே சிறு அறையில்தான் பரவும்.

சந்தைக்கும் பருவம் உண்டு. 2020 முதல் 2022 வரை, கொள்ளைநோய்க் காலத்துத் தட்டுப்பாட்டாலும், கிரிப்டோ நாணயம் எடுப்போர் கார்டுகளை வாரிச் சென்றதாலும் விலைகள் தாறுமாறாக ஏறின. 2022 செப்டம்பரில் எத்தீரியம் நாணயம் கார்டுகள் வேண்டாத முறைக்கு மாறியது. 2025-இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையால் ரேம் விலை கடுமையாக உயர்ந்தது. வீட்டுக் கணினிகளுக்கு ரேம் விற்றுவந்த குருசியல் வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் நிறுவனம் அவ்வாண்டு டிசம்பரில் அறிவித்தது. இத்தகைய காய்ச்சற் காலத்தில், ஓடுகின்ற கணினியை வைத்திருப்பவர் காத்திருக்கலாம். காத்திருக்கும் வலிமை, கையில் பணம் உள்ளவர்க்கே வாய்க்கும். ஆகவே மாதம் 600 அல்லது 700 ரூபாயைக் கணினிக்கென ஒதுக்கி வைத்தல் நன்று. நான்காண்டில் அஃது ஒரு நடுத்தரக் கார்டின் விலையாகும். கடனும் வேண்டா, தவணையும் வேண்டா.

இடம் மாறுவோர் கவனத்திற்கு

மாற்றல் உத்தரவு எப்போது வரும் என்றறியாத குடும்பங்கள் நம்முள் பல. பெரிய கண்ணாடிப் பெட்டியும் கனத்த கார்டும் லாரிப் பயணத்திற்கு ஏற்றவை அல்ல. இடம் மாறும்போது கார்டைக் கழற்றித் தனியே பொதிந்து எடுத்துச் செல்க. மாற்றல் நெருங்கியிருப்பின் புதிய உறுப்பு வாங்குவதைப் புது ஊர் சேரும்வரை ஒத்திப்போடுக. தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, சென்னையில் ரிச்சி தெரு என ஊர்தோறும் கணினிக் கடைவீதி உண்டு. எங்கு வாங்கினும் பில் இன்றி வாங்கற்க. உத்தரவாதம் நாடு முழுவதற்குமா என்பதையும் கேட்டறிக. பழைய கார்டு வாங்குவோர், அது விளையாட்டில் அரைமணி நேரம் ஓடக் கண்டபின்னரே பணம் தருக.

கழற்றிய உறுப்புகளைக் கபாடிக்காரரிடம் எடைக்குப் போடுதல் வேண்டா. 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள், பதிவு பெற்ற மறுசுழற்சியாளர் வழியே அவை சேர வேண்டும் என்கின்றன. இயங்கும் உறுப்பாயின், பாடத்திற்குக் கணினி வேண்டி நிற்கும் மற்றொரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கு அது பெருஞ்செல்வம். நம் சங்கத்தில் சொல்லி வைத்தால் பெறுவோர் கிடைப்பர்.

இறுதியாக ஒன்று. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பர் நம் பெரியோர். அளக்கும் கோலைப் பிள்ளைகளின் கையிலேயே கொடுத்துவிடுவோம். டாஸ்க் மேனேஜரைப் பார்த்துக் குறை எதுவெனக் கண்டறிவதும், மூன்று கடைகளில் விலை விசாரிப்பதும், மாதத் தொகையைக் குறித்து வைப்பதும் அவர்கள் பொறுப்பாகட்டும். கணக்கு நியாயமாக இருப்பின் பெற்றோர் தயங்காது இசைவு தருக. நியாயமாக இல்லையெனின் பிள்ளைகளே அதனை உணர்வர். பதினைந்து வயதில் ஒரு கார்டுக்குக் கணக்குப் பார்க்கப் பழகியவர், முப்பது வயதில் ஒரு வீட்டுக்குக் கணக்குப் பார்க்க அஞ்சமாட்டார்.