விருத்தாசலத்தில் குடியிருப்புத் தீப்பாதுகாப்பு

விருத்தாசலத்தில் குடியிருப்புத் தீப்பாதுகாப்பு என்பது, கடலூர் மாவட்டத்தில் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற விருத்தாசலம் நகரின் வீடுகளுக்குப் பொருந்தும் தீத்தடுப்பு விதிகளையும் நடைமுறைகளையும் குறிக்கும். தமிழ்நாடு முழுவதற்குமான சட்டங்களும் விதிகளுமே இங்கும் நடைமுறையில் உள்ளன.

சட்டங்கள்

தீயணைப்புப் பணியை நெறிப்படுத்துவது தமிழ்நாடு தீயணைப்புப் பணிச் சட்டம், 1985 ஆகும். கட்டடங்களைப் பொறுத்தவரை தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 பொருந்தும். இவ்விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ளவை உயர்மாடிக் கட்டடங்கள் ஆகும். அவற்றுக்குத் தீயணைப்பு மீட்புப் பணிகள் துறையின் தடையின்மைச் சான்று தேவை.

விருத்தாசலத்தின் பெரும்பாலான வீடுகள் ஓரிரு தளங்களே கொண்டவை. எனவே அவை இவ்வரம்புக்குள் வருவதில்லை. கட்டட அனுமதியின்போது பார்க்கப்படும் சாலை அகலமும் சுற்றிலும் விடப்படும் இடைவெளியுமே அவற்றுக்கான முதன்மைப் பாதுகாப்பு ஆகும். இடைவெளி, தீ அடுத்த வீட்டுக்குப் பரவுவதைத் தாமதப்படுத்துகிறது. சாலை அகலம் தீயணைப்பு ஊர்தி வர வழி செய்கிறது. எஞ்சிய பொறுப்பு வீட்டில் வாழ்வோரையே சார்ந்துள்ளது.

கூரை வீடுகள்

தீயால் எளிதில் அழிபவை கீற்று அல்லது வைக்கோல் வேய்ந்த வீடுகள் ஆகும். கீற்றுக் கூரையின் ஆபத்தை 2004 சூலை 16 அன்று 94 குழந்தைகள் உயிரிழந்த கும்பகோணம் பள்ளித் தீவிபத்து உணர்த்தியது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. ஆனால் ஏழைகளின் குடியிருப்புகளில் தடையைவிட மாற்று வீடே தீர்வாகக் கொள்ளப்பட்டது. 2010இல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஊரகப் பகுதிகளில் 2030க்குள் 8 இலட்சம் காங்கிரீட் வீடுகள் கட்டும் கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 2024இல் அறிவிக்கப்பட்டது.

மின்சாரம்

பியூஸ் கட்டை பீங்கானால் செய்யப்படுகிறது. பீங்கான் மின்சாரத்தைக் கடத்தாது, எரியவும் செய்யாது. அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாயும்போது அதிலுள்ள மெல்லிய கம்பி உருகி மின்சுற்றைத் துண்டிக்கிறது. அதற்குப் பதிலாகத் தடித்த கம்பியைக் கட்டினால் கம்பி உருகாது. சுவருக்குள் செல்லும் மின்கம்பிகள் சூடேறித் தீப்பற்றக்கூடும்.

சமையல் எரிவாயு

எரிவாயு உருளை விதிகள், 2016இன்படி, உரிமமின்றி 100 கிலோகிராம் வரை சமையல் எரிவாயுவை வைத்திருக்கலாம். இவ்வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். எனவே உருளையை நிமிர்த்தி, அடுப்பைவிடத் தாழ்வான மட்டத்தில் வைக்க வேண்டும். கசிவு தெரிந்தால் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறக்க வேண்டும். எந்த மின்விசையையும் போடவோ அணைக்கவோ கூடாது. சிறு பொறியும் தீயை மூட்டிவிடும்.

அவசர அழைப்பு

தீவிபத்துக்கு 101 அல்லது 112, எரிவாயுக் கசிவுக்கு 1906 ஆகிய எண்களை அழைக்கலாம்.